இடது பக்கம் சத்தம் கம்மி

எந்தப் பொருளை வாங்கினாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. தேங்காயைத் தட்டிப் பார்ப்பேன். குடையைக் கடைக்குள்ளேயே நாலு முறை விரித்து மடக்குவேன். "இவரக் கூட்டிக்கிட்டுப் போனா கடைக்காரன் ஷட்டர எறக்கிருவான்" என்பாள் என் மனைவி. அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். அங்கேயும் மனுக்களில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கோபமும் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும் என்று ரொம்ப நாளாக எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் முடித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். போன வருஷத்திலிருந்து ஆன்லைனில் ஜெர்மன் மொழி படித்தாள். அந்த நாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக மொழிப் பரீட்சை தேற வேண்டும். வாசிப்பது, எழுதுவது, பேசுவது, கேட்பது என்று நாலு பகுதி. முதல் மூன்றிலும் ஒரே மூச்சில் தேறிவிட்டாள். கேட்பதில் போய்விட்டது. ஒலிப்பதிவு ஓடும், அதைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதினால் போதும். ஆனால் ஆள் எடுக்கிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள், இந்தத் தடவையும் தேறாவிட்டால் அவளுக்கென்று வைத்திருக்கும் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும் என்று.

குறை எங்கே என்று நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீடு சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டின் மேல் இருக்கிறது. ஒரு லாரி போனால் சமையலறைத் தட்டுகள் பேசும். இந்த இரைச்சலில் போன் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வெளிநாட்டு பாஷையைக் கேட்டால் எப்படி விளங்கும்? காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது. "எதுக்குப்பா, இருக்கறதுலயே கேட்டுக்கறேன்" என்று மகள் இழுத்தாள். நான் விடவில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். லெப்பைக்குடிகாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். வளைகுடாவில் ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் பல வருஷம் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ காதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார்.

"எத்தனை மணி நேரம் போடப் போறீங்க, அத மொதல்ல சொல்லுங்க சார். பத்து நிமிசம்னா எதுவும் நல்லாத்தான் இருக்கும்."

"பொண்ணு மூணு மணி, நாலு மணி நேரம் படிக்கும்."

"அப்ப காதுக்கு மேல உக்கார்றது வேணாம். அது மடல நசுக்கிரும். காதச் சுத்தி உக்கார்றத எடுங்க."

ஆயிரத்து சொச்சத்துக்குள் இருந்த நாலைந்தை எடுத்துப் போட்டார். நான் என் வேலையைக் காட்டினேன். வளையத்தை விரித்துப் பார்த்தேன். மெத்தையை அமுக்கி, எவ்வளவு நேரத்தில் உப்பி வருகிறது என்று பார்த்தேன். ஒன்றைப் போட்டதும் பொட்டில் இறுக்கியது. இன்னொன்று குனிந்தால் கழன்று விழுந்தது. மூன்றாவதில் பாட்டுப் போட்டால் டமடமவென்று தாளம் மட்டும் இடிக்க, பாடுகிறவர் அடுத்த தெருவில் நின்று பாடுவதுபோல் இருந்தது. "படிக்கிற பிள்ளைக்கு இடி வேணாம் சார், பேச்சு வேணும்" என்று பாயே அதை எடுத்து வைத்துவிட்டார்.

பேச்சைச் சோதிக்க, மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பாடத்தைப் போட்டேன். ஏதோ ரயில் நிலையம், அறிவிப்பு, நடுவில் ஒரு பெண்ணும் ஆணும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்டேன். அந்தப் பெண் வாயை மூடித் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதுதான் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் மகள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்திலேயே நின்று, "எப்படி, எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குப்பா. லாரி சத்தமே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "இடது பக்கம் மட்டும் சத்தம் கம்மியா இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்து எடுத்த பொருளில் குறையா? வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. "கடையில நல்லா இருக்கும், வூட்டுக்கு வந்தா ஒரு பக்கம் படுத்துரும். மலிவுப் பொருளுன்னா அப்படித்தான்" என்று மனைவி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டுப் பெரம்பலூருக்குப் போனேன். பாய் அதைக் கையில் வாங்கினார். போட்டுக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார், வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதிலும் இடது பக்கம் கம்மி.

"விடுங்கப்பா, பரவால்ல, நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள் மகள். எனக்கோ பிடிபடவில்லை. நான் போட்டால் சரியாக இருக்கிறது, மனைவி போட்டால் சரியாக இருக்கிறது, இவள் போட்டால் மட்டும் கம்மி. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் கம்மல் கண்ணில் பட்டது. கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. மெத்தை அதன் மேல் உட்கார்ந்தால் இடுக்கு விழும், சத்தம் ஒழுகிவிடும். அந்தப் பக்கத்துத் திருகாணி கொஞ்சம் நீளம் வேறு. நான் ஒரு விஞ்ஞானியைப்போல இதை விளக்கினேன்.

"கம்மலக் கழட்டிட்டுப் போடு பாப்பா."

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "கல்யாணம் ஆவாத பொண்ணு மூளிக் காதோட வூட்டுல உக்காந்திருக்கறதா? நல்லாருக்கு நீங்க சொல்றது."

"பரீட்சைக்குடி!"

"எதுக்கா இருந்தா என்னங்க? வெள்ளிக்கிழம அதுவுமா!"

கடைசியில் கம்மலைக் கழற்றிவிட்டு இரண்டு துவாரத்திலும் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்வது என்று சமாதானம் ஆனது. என் மகள், ஐ.சி.யு.வில் நிற்கிற நர்ஸ், காதில் குச்சியும் தலையில் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு பாடத்தைப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் கம்மியாத்தான் இருக்காடி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. மாதிரித் தாள்களில் பத்துக்கு நாலு, பத்துக்கு ஐந்து என்றுதான் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் பேசினால் பிடித்துவிடுவாள். பின்னால் சந்தடி இருந்து இரண்டு பேர் மாறி மாறிப் பேசினால் விட்டுவிடுவாள். டியூட்டி முடிந்து களைத்து வந்து, ஒரு கையால் வலது பக்க மெத்தையைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பாள். மெத்தைக்குள் வியர்த்து, மலிவுத் தோல் கறுப்புக் கறுப்பாக உரிந்து கன்னத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய் மேல் கோபம் வந்தது. ஒரு நாள் அவள் மேலேயே வந்தது. "நேரா உக்காந்து கவனமாக் கேளேண்டி, தலையக் கோணிக்கிட்டு!" என்று கத்திவிட்டேன். அவள் நேராக உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இழுக்காத குறையாகத்தான் கூட்டிப் போனேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஹெட்போனை மேசை மேல் வைத்து, "பாய், ரெண்டாவது தடவயும் ஓட்டப் பொருளக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. படிக்கிற பிள்ள வாழ்க்கையில வெளையாடுறீங்களா?" என்று தொண்டையைத் திறந்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இப்போது எழுதவே கூசுகிறது. அவர் ஹெட்போனை எடுத்துத் துடைத்து மகளிடம் நீட்டினார்.

"போட்டுக்கம்மா. எந்தப் பக்கம் கம்மி?"

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

பாய் அவள் தலையிலிருந்து அதைக் கழற்றினார். முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலுமாகத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப மாத்திப் போட்டுக்க. ரைட்டு லெப்டுல வந்துரும். இப்ப எந்தப் பக்கம்?"

மகள் அதை மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு அதே இடது காதைத்தான் தொட்டாள்.

பழுது பொருளில் இருந்திருந்தால் அது இப்போது வலது பக்கம் வந்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் வேண்டாம். கடையில் நின்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "காதுல ஏதாச்சும் அழுக்கு அடச்சிருக்கும் சார், ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்க. ஒண்ணும் இருக்காது, இன்ஷா அல்லா" என்று பாய் மெதுவாகச் சொன்னார். நான் அவரைத் திட்டிய வாயால் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதுதான் என்னை அதிர வைத்தது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அந்தக் காது கொஞ்சம் மந்தம்னு தெரியும்பா. சளி புடிச்சா அடைக்கும்ல, அந்த மாதிரிதான் எப்பவும் இருக்கும். இவ்ளோ பெரிய ஹெட்போன் போட்டா அதுலயும் கேக்கும்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரியிலதான இருக்க, காட்ட வேண்டியதுதான?"

"காட்டுனா எழுதிருவாங்கப்பா. அந்த ஊர்ல மெடிக்கல் கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க பாட்டுக்கு வேணாம்னுட்டா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரம்பலூரிலேயே ஒரு காது டாக்டரிடம் போனோம். முதலில் ஒரு சோதனை என்று ஒரு பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்த ஒரு சின்னக் கூண்டு, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். மகளை உள்ளே உட்கார வைத்து, தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "எவ்ளோ சின்னதாக் கேட்டாலும் அமுக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மகள் பட்டனை அமுக்கினால் மெஷினில் ஒரு விளக்கு எரியும். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன்.

வலது காதுக்கு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் குமிழைக் குறைக்கக் குறைக்க எரிந்தது. எனக்குத் தெம்பு வந்தது. பிறகு, "இப்ப லெப்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பொத்தானை மாற்றினாள். குமிழைத் திருப்பினாள். விளக்கு எரியவில்லை. இன்னும் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக இருந்தது. சத்தம் அவள் காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டி, "அமுக்கு பாப்பா, இப்ப அமுக்கு" என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. அலுவலகத்தில் எத்தனையோ காரியத்தை ஆள் பிடித்து, சத்தம் போட்டு முடித்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "சவ்வுல ஓட்டை இருக்கு. ரொம்பப் பழசு. உள்ள இருக்கற சின்ன எலும்பும் அரிச்சிருக்கு. காதுக்கு எண்ணெய் ஏதாவது விட்டிருக்கீங்களா, சின்ன வயசுல?"

"விட்டிருக்கோம்ங்க" என்றேன்.

"எண்ணெய் விடுறதுக்கு முன்னாடி என்ன ஆச்சு? அடி கிடி பட்டுச்சா? யாராவது செவுள்ல அறைஞ்சாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "இல்ல மேடம். எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் இல்ல."

நோயாளி எதையாவது மறைத்தால் வீட்டுக்கு வந்து புலம்புகிறவள் அவள். உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்னவாம் இவர்களுக்கு என்று சோற்றைப் பிசைந்தபடி திட்டுவாள். அவளுக்கு அது மறந்திருக்கும் என்று நான் நம்பப் பார்த்தேன். முடியவில்லை.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. கல்லங்குறிச்சித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாள். அரை மணி நேரம் தேடினேன். குளம், ரோடு, பஸ் என்று எல்லாப் பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வளையல் கடையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ, கையை ஓங்கி செவுளில் ஒன்று விட்டேன். நான் வலது கைக்காரன். எதிரே நின்றவளுக்கு அது இடது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து, "காதுக்குள்ள உய்ங்னு கேக்குதுப்பா" என்றாள். "நடிக்காத" என்றேன். மறுநாளும் வலிக்கிறது என்றாள். மனைவி தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக விட்டுப் பஞ்சு வைத்தாள். எங்கள் பக்கத்தில் காது வலிக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் விடக் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு வாரம் தண்ணீர் மாதிரி வடிந்தது. பிறகு நின்றது. நாங்களும் மறந்துபோனோம். செவுளில் அறைவது எங்கள் வீடுகளில் ஒரு சம்பவமே அல்ல. எனக்கும் விழுந்திருக்கிறது. எனக்குக் காது கேட்கிறது.

ஆபரேஷன் செய்து சவ்வை மூடலாம், கேட்பது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, பரீட்சைக்கு முன்னால் முடியவே முடியாது என்றார் டாக்டரம்மா. அந்தப் பரீட்சை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு பெரிய கூடத்தில், ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்களாம். எதிரொலியில் பாதிக்கு மேல் விளங்கவில்லையாம். கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறொரு பெண் போய்விட்டாள். இவள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு, மறுபடி எழுதலாம் என்று இப்போதும் படித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் அடித்தீர்கள் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது டாக்டரிடமிருந்து திரும்பிய அன்றைக்கு நடந்ததை. அரியலூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். இரண்டு பேர் சீட் ஒன்று கிடைத்தது. முண்டியடித்து ஏறிய நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் வலது பக்கம் உட்கார்ந்தாள். அதாவது நான் அவளுக்கு இடது பக்கம். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் அவள் ஒரு முறைகூட என்னை அந்தப் பக்கம் உட்கார விட்டதில்லை. சாப்பிடும்போதும், கல்யாண வீட்டிலும், பஸ்ஸிலும், ஏதாவது சாக்குச் சொல்லி இடம் மாறிக்கொள்வாள். அன்று மாறவில்லை, களைத்திருந்தாள்.

ஊர் தாண்டி பஸ் வேகம் பிடித்தது. நான் அவள் பக்கம் குனிந்து சொன்னேன்: "கல்லங்குறிச்சியில அப்பா உன்ன அடிச்சிருக்கக் கூடாது பாப்பா. என்ன மன்னிச்சிரு." எந்தக் காதில் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த இரைச்சலில் அதில் ஒன்றும் ஏறாது என்றும் தெரியும். தெரிந்ததால்தான் சொல்ல வந்தது. நான் அவ்வளவு பெரிய கோழை.

என் உதடு அசைவதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னாப்பா? கேக்கல." எழுந்து நின்று, கம்பியைப் பிடித்தபடி எனக்கு வழி விட்டாள். "இந்தப் பக்கம் வந்து உக்காந்து சொல்லுங்க."

இடம் மாறி உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து, தலைமுடியை ஒதுக்கி, கேட்கிற காதை என் பக்கம் கொண்டுவந்தாள். "ம், சொல்லுங்கப்பா" என்றாள். முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும்போல் இருந்தது. பொறுமையாகக் காத்திருந்தாள். கூண்டுக்குள் காத்திருந்த மாதிரியே கண்ணை மூடியிருந்தாள்.

"அந்த ரூம்ல மாட்டுனாங்களே ஹெட்போன்," என்றேன், "அது எப்படி இருந்துச்சு?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். "வலிக்கவே இல்ல."